போகிறவர்களை வைத்துக்கொண்டு ஜெயித்தவர்கள்



விளையாட்டுச் சிறப்பிதழ் என்றால் கிரிக்கெட்டில் ஆரம்பித்து கிரிக்கெட்டிலேயே முடிப்பது நமக்குப் பழகிப்போன வழி. இந்தத் தடவை ஆசிரியர் பக்கத்தையாவது அந்த வழியிலிருந்து கொஞ்சம் விலக்கலாம் என்று தோன்றியது. சிட்னி மாநகரின் மேற்கு ஓரத்தில், புளூ மவுன்டன்ஸ் மலையடிவாரத்தில், நெப்பியன் ஆற்றங்கரையில் பென்ரித் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் ரக்பி லீக் அணிக்குப் பெயர் பென்ரித் பாந்தர்ஸ். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் பட்டத்தை 2021, 2022, 2023, 2024 என்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்ற அணி. இவர்களுக்கு முன்னால் அந்த நாட்டில் கடைசியாகத் தொடர்ச்சியாக நான்கைத் தொட்டவர்கள் செயின்ட் ஜார்ஜ் அணியினர். 1956 முதல் 1966 வரை 11 பட்டங்களை அள்ளியவர்கள்.

ஜெயித்த கதை எல்லா விளையாட்டிலும் உண்டு. பாந்தர்ஸ் கதையில் என்னை இழுத்தது வேறொரு விஷயம். ஒவ்வோர் ஆண்டும் கோப்பையைத் தூக்கிய சூடு ஆறுவதற்குள் இந்த அணி தன் முக்கியமான ஆட்டக்காரர்களில் சிலரை வழியனுப்பி வைத்திருக்கிறது. போனவர்கள் ஓய்வு பெறும் வயதுக்காரர்கள் இல்லை. நல்ல வயதில், நல்ல ஆட்டத்தில் இருந்தவர்கள். போய்ச் சேர்ந்த இடமும் பெரும்பாலும் அதே லீக்கில், அதே நகரத்தில், அடுத்த பருவத்தில் எதிரே நிற்கப்போகிற கிளப்கள்.

ரக்பி லீக் பார்த்திராத வாசகர்களுக்காக நாலு வரி. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாடிப் போகிறவரை மடக்கிப் பிடிக்கிற அதே உரசலும் மோதலும்தான், கையில் ஒரு நீள்வட்டப் பந்து கூடுதல். பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையால் பின்னால்தான் கொடுக்கலாம். முன்னால் அனுப்ப உதைக்க வேண்டும். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு பிடி வரை அவகாசம். அதற்குள் எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ஒரு ‘டிரை’, நான்கு புள்ளி. தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு. 1895-இல் வட இங்கிலாந்து கிளப்கள் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்ததில் பிறந்த ஆட்டம் இது. சண்டைக்குக் காரணம், ஆடப் போனதால் சம்பளம் இழந்த தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை தரலாமா கூடாதா என்பது. தரலாம் என்றவர்கள் தனியே போனார்கள். பிறப்பிலேயே கூலிப் பிரச்சினை இருந்த விளையாட்டு. இன்றும் அதன் கதையில் பாதி கூலிக் கதைதான்.

இன்றைய கூலிக் கதைக்கு வருவோம். அந்த லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் தன் முதல் 30 ஆட்டக்காரர்களுக்குச் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. இப்போது அது ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி நிற்கிறது. வரம்பை மீறினால் தண்டனை லேசுப்பட்டதில்லை. 2002-இல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த கேன்டர்பரி புல்டாக்ஸ் அணிக்கு 37 புள்ளிகளை வெட்டிக் கடைசிக்குத் தள்ளினார்கள். மெல்போர்ன் ஸ்டார்ம் வென்ற 2007, 2009 பட்டங்களை 2010-இல் திரும்பப் பிடுங்கினார்கள்.

இந்த வரம்பு, தோற்கிற அணியைவிட ஜெயிக்கிற அணியைத்தான் அதிகம் இறுக்குகிறது. கோப்பை வென்றால் ஆட்டக்காரரின் மதிப்பு ஏறும். மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் தேர்வானால் இன்னும் ஏறும். எல்லாருக்கும் மதிப்பு ஏற, பெட்டியில் இருக்கும் பணம் மட்டும் அநேகமாக அப்படியே இருக்கும். நம் ஊர் ஐபிஎல்லில் மெகா ஏலம் வந்து அணிகளைக் கலைத்துப் போடும். அங்கே அப்படி ஏலம் கிடையாது. கிளப்பே உட்கார்ந்து, இவரை வைத்துக்கொள்வோம், இவரை விட்டுவிடுவோம் என்று தன் கையாலேயே பெயரை அடிக்க வேண்டும்.

இன்னொரு விதி இதைவிடச் சுவாரசியமானது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் ஆட்டக்காரர், அந்த ஆண்டு தொடங்குவதற்கு முன் நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்தே மற்ற கிளப்களோடு பேசலாம். கையெழுத்தும் போடலாம். ஆனால் அடுத்த பருவம் முழுக்கப் பழைய கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். அடுத்த வருடம் இவர் எங்கே இருப்பார் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும், பக்கத்தில் ஆடுகிறவருக்குத் தெரியும், கேலரியில் கொடி ஆட்டுகிற சிறுவனுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடி வாங்க வேண்டும். வேறு வேலைக்கு ஆர்டர் வாங்கிவிட்ட ஒருவரிடம் மூன்று மாதம் வேலை வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் சிரமம் புரியும்.

பாந்தர்ஸ் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு நான்கு இறுதி ஆட்டங்களே சாட்சி.

2021: மேட் பர்ட்டன் என்ற இளைஞர், டப்போ என்ற உள்நாட்டு ஊரிலிருந்து வந்தவர். ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் ஆட வேண்டியவர். அந்த இடத்தில் வேறு ஆள் இருந்ததால் ஓரமாக ‘சென்டர்’ என்ற இடத்தில் நிறுத்தப்பட்டார். 2022 முதல் புல்டாக்ஸுக்கு ஆடுவதாக ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஒரு வருடம் முன்கூட்டியே விட்டுவிடுங்கள் என்று புல்டாக்ஸ் கேட்டது; பென்ரித் மறுத்துவிட்டது. மனம் கசந்து ஆடியிருக்கலாம். அவர் அந்தப் பருவத்தின் சிறந்த சென்டர் என்ற விருதை வாங்கினார். சவுத் சிட்னியை 14-12 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் பென்ரித்தின் முதல் டிரையும் அவருடையதுதான்.

2022: பரமாட்டா அணியை 28-12 என்று வென்றார்கள். அன்று களத்தில் இருந்த வில்லியாமே கிகாவ் புல்டாக்ஸுக்கும், அப்பிசாய் கோரோய்சாவ் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கும் போவது ஊரறிந்த செய்தி. அன்று டிரை போட்ட சார்லி ஸ்டெயின்ஸும் அடுத்த பருவத்தில் டைகர்ஸ் சட்டையில்தான் இருந்தார்.

2023-ஐக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எதிரணி பிரிஸ்பேன் பிரான்கோஸ். அவர்களுடைய எஸ்ரா மாம் என்ற இளைஞர் இரண்டாவது பாதியில் அடுத்தடுத்து மூன்று டிரை போட்டுவிட்டார். புள்ளி 24-8. ஆட்டம் முடிய அரை மணி நேரம்கூட இல்லை. பென்ரித்தின் ஜரோம் லூவாய் தோள் காயத்தோடு வெளியேற, அவர் இடத்துக்கு ஜாக் காகர் வந்தார். காகர் அடுத்த ஆண்டு நியூகாசிலுக்குப் போகப் போகிறவர். முதலில் மோசஸ் லியோடா டிரை போட்டார். அடுத்தது ஸ்டீபன் கிரைட்டன்; அவரும் புல்டாக்ஸுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தவர். கடைசி நிமிடங்களில் நேதன் கிளியரி தனி ஆளாகத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய்ப் பந்தைப் பதித்தார், உதைத்து இரண்டு புள்ளியும் சேர்த்தார். 26-24. பட்டம் கிடைத்தது. கிரைட்டனும் காகரும் முன்வரிசையில் முட்டிய ஸ்பென்சர் லெனியூவும் மூட்டை கட்டினார்கள்.

2024: மெல்போர்ன் ஸ்டார்மை 14-6 என்று வென்றார்கள். பென்ரித்தின் முதல் டிரை சுனியா துருவாவுடையது. அடுத்த பருவம் அவருக்கு டைகர்ஸில். கடைசி டிரை பால் அலமோட்டியுடையது. கிரைட்டன் புல்டாக்ஸுக்குப் போன அதே சமயத்தில் அங்கிருந்து இங்கே வந்து, அவர் விட்டுப்போன சென்டர் இடத்தில் ஆடியவர். போகிறவர் ஒரு டிரை, வந்தவர் ஒரு டிரை. நடுவில் இருப்பவரான லியாம் மார்ட்டின் ஒன்று போட்டு, ஆட்ட நாயகன் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டார்.

இத்தனை பேர் போன பின்னும் அணி எப்படி நின்றது?

முதலாவது, யாரை விடக் கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஆட்டத்தை நடத்துகிற நேதன் கிளியரி, நடுவில் பந்தைப் பங்கிடுகிற தலைவர் ஐசேயா யோ, கடைசிக் காவலில் நிற்கிற டிலன் எட்வர்ட்ஸ், ஓரத்தில் ஓடுகிற பிரையன் டோஓ. இந்த நாற்காலிகள் அசையவில்லை. மற்ற இடங்களில் ஆள் மாறினாலும் ஆட்டமுறை மாறவில்லை. ஐந்தாவது பிடியில் பந்தை எங்கே உதைப்பது, தடுப்பு வரிசை எவ்வளவு வேகத்தில் முன்னேறுவது என்பதெல்லாம் முதல் அணிக்கும் இளையோர் அணிக்கும் ஒன்றுதான். புதிதாக ஏறி வருகிறவருக்கு அங்கே புதிதாகக் கற்க அதிகம் இருக்காது.

இரண்டாவது, ஆள் எடுக்கும் இடம். பென்ரித் வட்டாரத்தின் இளையோர் ரக்பி லீக், உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். லூவாய், டோஓ, கிரைட்டன் மூவரும் செயின்ட் மேரிஸ் என்ற ஒரே உள்ளூர் கிளப்பில் ஆடி வளர்ந்தவர்கள். மவுன்ட் டுரூயிட் பக்கத்துப் பசிபிக் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகள். மேற்கே மலை தாண்டி பாதர்ஸ்ட், டப்போ வரை பென்ரித்தின் கண் போகும். ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை பாதர்ஸ்டில் கொண்டுபோய் ஆடுவதே அந்த உறவுக்காகத்தான். 2022-இல் முதல் அணி மட்டும் ஜெயிக்கவில்லை. கிளப்பின் இரண்டாம் நிலை அணி, இரண்டு இளையோர் அணிகள் எல்லாமே தத்தம் பட்டத்தை வென்றன. கோரோய்சாவ் போன இடத்தில் மிட்ச் கென்னி என்ற பெரிதாகப் பெயர் கேள்விப்படாத உள்வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்து, அடுத்த இரண்டு பட்டங்களையும் வென்றார் என்றால் காரணம் இதுதான்.

மூன்றாவது, பயிற்சியாளர். ஐவன் கிளியரி, நேதனின் அப்பா. 2012 முதல் 2015 வரை பென்ரித்தில் இருந்தார். வேலையை விட்டு அனுப்பப்பட்டார். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் போனார். 2019 பருவத்துக்கு மறுபடி பென்ரித் கூப்பிட்டது, வந்தார். வழியனுப்பப்படுவது என்றால் என்ன என்பதைத் தானே அனுபவித்தவர், பிறகு எத்தனையோ பேரை வழியனுப்பினார். மகன் கிளப்பில் இருக்க அப்பா வெளியே போய்த் திரும்பிய வீடு அது.

போனவர்கள் வீணாகவும் போகவில்லை. கிரைட்டன் புல்டாக்ஸுக்குத் தலைவரானார். கோரோய்சாவ் டைகர்ஸில் தலைவர் பொறுப்பு ஏற்றார். முன்வரிசைத் தூணான ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் நியூசிலாந்துக்காரர். சொந்த மண்ணில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்டார், ஒப்பந்தம் மீதமிருந்தும் கிளப் விடுவித்தது. அவர் நியூசிலாந்து வாரியர்ஸின் தலைவர்களில் ஒருவரானார். பென்ரித்தில் ஐவனுக்குத் துணையாக இருந்த கேமரன் சிரால்டோ 2023-இல் புல்டாக்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒரு காலத்தில் லீக்கின் கடைசிப் படிகளில் கிடந்த புல்டாக்ஸ் எழுந்து நின்றதில் பென்ரித் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படியே எத்தனை நாள் ஓடும் என்ற கேள்விக்கு 2025 பதில் சொன்னது. லூவாய் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் டைகர்ஸுக்குப் போய்விட்டார். ஃபிஷர்-ஹாரிஸ் இல்லை, துருவா இல்லை. போதாக்குறைக்கு, புதுப்பிக்கும் வேலைக்காகப் பென்ரித் மைதானமும் மூடப்பட்டு, சொந்த ஊர் ஆட்டங்கள் பரமாட்டா மைதானத்துக்கு மாறின. லாஸ் வேகஸில் நடந்த முதல் ஆட்டத்தில் குரோனுல்லாவை 28-22 என்று வென்றார்கள். அத்தோடு சரி. அடுத்தடுத்து ஐந்து தோல்விகள். மே மாதத்தில் நான்கு முறை சாம்பியன், 17 அணிகள் கொண்ட பட்டியலில் கடைசிப் படியில் நின்றது.

பல வருடம் ஒரே ஜோடியோடு ஆடிய கிளியரிக்கு அந்தப் பருவத்தில் பக்கத்தில் புது ஆள். பரமாட்டாவிலிருந்து வந்த பிளேஸ் தலாகிக்கு அப்போது வயது இருபதைச் சுற்றித்தான். லூவாயும் கிளியரியும் பள்ளி வயதிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் தலையைத் திருப்பினாலே மற்றவருக்குப் பந்து எங்கே வரும் என்று தெரியும். அதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, ஒரு கோடைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கவும் முடியாது. வளர்த்துவிடுவதில் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சில இடங்கள் நிரம்ப நாளாகும் என்பதை அந்த ஐந்து வாரங்கள் சொல்லின.

ஆனால் கடைசிப் படியில் நின்றவர்கள் பீதியில் அணியைக் கலைக்கவில்லை. அதே ஆட்டமுறை, அதே பிள்ளைகள். குளிர்காலம் வந்ததும் வெற்றி மேல் வெற்றி. ஏழாவது இடம்பிடித்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே நடந்ததை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் ‘கொஞ்சம் ஓவர்’ என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் எதிரி ஃபிஷர்-ஹாரிஸின் வாரியர்ஸ். அவர்கள் மண்ணிலேயே 24-8 என்று வென்றார்கள். அடுத்தது பர்ட்டனும் கிகாவும் கிரைட்டனும் போய்ச் சேர்ந்த, சிரால்டோ பயிற்சி தரும் புல்டாக்ஸ்; 46-26. அரையிறுதி பிரிஸ்பேனில். 14-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடங்களில் 16-14 என்று தோற்றார்கள். அந்த பிரிஸ்பேன்தான் அடுத்த வாரம் பட்டம் வென்றது. 2023-இல் பறித்ததைக் காலம் வட்டியோடு வசூலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது பட்டம் கிடைக்கவில்லை. என் கணக்கில் அந்த நான்கு பட்டங்களுக்குச் சற்றும் குறையாத பருவம் இந்த 2025. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஆட்களை விட்டுக்கொடுப்பது ஒரு துணிச்சல். தோற்றுக்கொண்டிருக்கும்போது புதியவர்களைக் கைவிடாமல் இருப்பது அதைவிடப் பெரிய துணிச்சல்.

மேற்கு சிட்னியில் நம் தமிழர்கள் நிறைய. பென்ரித் போகிற ரயில் பாதையில்தான் வென்ட்வொர்த்வில்லும் பென்டில் ஹில்லும் டூங்காபியும் இருக்கின்றன. அங்கே நம் இதழைப் படிக்கிறவர்கள், பரமாட்டா மைதானத்தில் பாந்தர்ஸ் ஆடும்போது ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஓர் ஆசிரியனுக்கு இந்தக் கதை மேல் இவ்வளவு பிடிப்பு ஏன் என்று கேட்கலாம். பத்திரிகை அலுவலகமும் ஆட்கள் வந்து போகிற இடம்தான். கல்லூரி முடித்துக் கையில் ஒரு கவிதைக் கட்டோடு வருகிறவர்களுக்கு ஒற்றுப்பிழை திருத்துவதிலிருந்து, ஒரு பேட்டியில் எந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்து பிடிபட்ட நேரத்தில் தொலைக்காட்சியோ, பெரிய நாளிதழோ, சினிமாவோ கூப்பிடும். அங்கே தருகிற சம்பளத்தை நம்மால் தர முடியாது. முன்பெல்லாம் யாராவது விலகல் கடிதத்தோடு மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் எனக்கு முகம் கொஞ்சம் சுருங்கும். இப்போது, போகும் வரை என்ன எழுதித் தரப்போகிறீர்கள் என்று கேட்கிறேன். இந்தச் சிறப்பிதழின் கட்டுரைகளில் இரண்டு அப்படிப் போகிறவர்கள் எழுதியவை. இன்னொன்று, அவர்கள் இடத்துக்கு வந்திருப்பவர் எழுதிய முதல் கட்டுரை. எது யாருடையது என்று சொல்லப் போவதில்லை; படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

உள்ளே கபடி, கைப்பந்து, சிலம்பம் என்று நம் ஊர் மண்ணிலிருந்து நிறைய இருக்கிறது. அவற்றைத் தயாரிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. பெரிய அணிக்கு ஆடுகிற பையனைப் பற்றிய செய்தி சுலபமாகக் கிடைக்கிறது. அவனைப் பள்ளி மைதானத்தில் காலை ஐந்து மணிக்கு ஓடவிட்டவர் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. பையன் ஜெயித்துப் பெரிய ஊருக்குப் போய்விடுகிறான். அவர் அதே மைதானத்தில் அடுத்த பையனை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு குழு இருக்கும். பிள்ளைகளை வளர்த்து, வேறு அணிகளுக்கு வேலைக்கும் விளையாட்டுக்கும் அனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற கபடிக் குழுவோ, கைப்பந்துக் குழுவோ, ஓட்டப் பயிற்சி தருகிற உடற்பயிற்சி ஆசிரியரோ. அவர்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். யார் யார் அங்கிருந்து போனார்கள் என்பதோடு, இப்போது அங்கே யார் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த இதழிலிருந்தே வெளியிடத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்